வெடித்தது நரம்பா?

புதுச்சேரி நேரு வீதியிலோ அண்ணா சாலையிலோ காலை வேளையில் நடந்து செல்லும்போது, பெட்டிக்கடை வாசலில் தொங்கும் செய்தித்தாள் சுவரொட்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அரசியலுக்கும் சினிமாவுக்கும் நடுவே எப்போதாவது இப்படியும் ஒரு வரி தொங்கும்: ‘மூளை நரம்பு வெடித்து மாணவன் பலி.’ தேநீர்க் கடையில் நிற்பவர்கள் அதைப் படித்து, “ஐயோ பாவம், படிக்கிற பிள்ளை” என்று சொல்லிவிட்டுக் கிளாசைக் கீழே வைப்பார்கள். “ராத்திரியெல்லாம் கண் விழித்துப் படித்திருப்பான்” என்பார் ஒருவர். “அதெல்லாம் விதி” என்பார் மற்றொருவர். அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

அந்த ஐந்து சொற்களைத்தான் இக்கட்டுரையில் நாம் ஆராயப் போகிறோம். செய்தியாளர் பொய் எழுதவில்லை. ஒரு பிள்ளை இறந்ததும் உண்மை. தலைக்குள் ஏதோ வெடித்ததும் உண்மை. ஆனால் அதில் ஒரு சொல் தவறானது. அந்த ஒரு தவற்றினால், மருத்துவம் உள்ள ஒரு நோய் மருத்துவமே இல்லாத விதியாக நம் மனத்தில் பதிந்துவிடுகிறது. விமரிசனம் செய்யவேண்டிய இடம் அதுதான்.

நரம்பு வெடிக்குமா?

நரம்பு என்பது செய்தி கடத்தும் இழைகளின் கட்டு. மூளையின் ஆணையைத் தசைக்குக் கொண்டு செல்வதும், தோலில் பட்ட சூட்டை மூளைக்கு அறிவிப்பதும் அதன் வேலை. அதற்குள் அழுத்தத்துடன் ஓடும் திரவம் கிடையாது. நரம்பு நசுங்கலாம், அறுபடலாம், வீங்கலாம். டயர் வெடிப்பதுபோல் வெடிக்காது. வெடிப்பது இரத்தக் குழாய். அதிலும் இதயத்திலிருந்து அழுத்தத்துடன் இரத்தத்தைக் கொண்டு செல்லும் தமனி.

பள்ளிப் பாடநூலில் நரம்பு மண்டலம் ஒரு பாடம், இரத்த ஓட்ட மண்டலம் வேறொரு பாடம். தேர்வில் ஒன்றை மற்றொன்றாக எழுதினால் ஆசிரியர் மதிப்பெண் தரமாட்டார். ஆனால் பள்ளிக்கு வெளியே வந்ததும் நாம் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். கையில் சிரை வழியாக மருந்து ஏற்றுவதை ‘நரம்பு ஊசி’ என்கிறோம். காலில் சிரைகள் முறுக்கிப் புடைப்பதை ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்கிறோம். புறங்கையில் தெரியும் நீல நிறச் சிரைகளைப் ‘பச்சை நரம்பு’ என்கிறோம்.

மக்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தமிழில் ‘நரம்பு’ மிகப் பழைய சொல். யாழில் கட்டிய தந்தியும் நரம்பு, உடம்பில் கயிறுபோல் தெரிவதெல்லாமும் நரம்பு என்று வழங்கிய காலம் உண்டு. மக்கள் வழக்கு அந்தப் பழமையைத் தொடர்கிறது. ஆனால் செய்தி எழுதுபவர் பாடநூல் படித்துத் தேர்ந்தவர். அவர் எழுதுவது ஆயிரக்கணக்கானோருக்கு அறிவாகப் போய்ச் சேர்கிறது. எனவே அவரிடம் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு.

சைக்கிள் கடைப் பாடம்

உண்மையில் நடப்பது என்ன? புதுச்சேரியில் சைக்கிள் கடைக்குக் குறைவில்லை. ஒரு கடையில் சற்று நின்று பாருங்கள். தேய்ந்த டயரில் ஓரிடத்தில் நூலிழை அறுந்திருந்தால், அந்த இடத்தில் உள்ளேயிருக்கும் டியூப் சிறு கொப்புளம்போல் வெளியே பிதுங்கும். காற்று அதே காற்றுதான். மற்ற இடங்களில் டயர் தாங்குகிறது; அந்த ஓர் இடம் தாங்கவில்லை. பிதுக்கம் பெரிதாகப் பெரிதாக அதன் சுவர் மெலிகிறது. சுவர் மெலிய மெலிய, அதே அழுத்தத்தையும் அதனால் தாங்க முடிவதில்லை. பலூனை ஊதும்போது இதே கதையை நீங்களே கண்டிருப்பீர்கள்.

மூளைக்கு நான்கு தமனிகள் இரத்தம் கொண்டு வருகின்றன: கழுத்தின் முன்புறம் இரண்டு, முதுகெலும்பை ஒட்டி இரண்டு. மூளையின் அடிப்பகுதியில் இவை ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையம் அமைக்கின்றன. 1664இல் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் இதைத் தெளிவாக விளக்கியதால், இது வில்லிஸ் வளையம் எனப்படுகிறது. உடல் எடையில் 100க்கு 2 பங்கே உள்ள மூளை, இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் 100க்கு 15 பங்கைப் பெறுகிறது. இந்த வளையத்தில் தமனிகள் கிளை பிரியும் முனைகளில் இரத்தம் ஓயாமல் மோதுகிறது. மண்டையோட்டுக்குள் இருக்கும் தமனிகளின் சுவர், உடலின் பிற தமனிகளின் சுவரைவிட மெல்லியது. ஆகவே கிளை முனை ஒன்றில் சுவர் தளர்ந்தால், அங்கே சிறு பைபோன்ற புடைப்பு உண்டாகலாம். இதையே மருத்துவர்கள் ‘அனியூரிசம்’ என்கிறார்கள். நாம் ‘தமனிப் புடைப்பு’ என்று சொல்லலாம்.

புடைப்பு கிழிந்தால் மூளையைச் சுற்றியுள்ள உறைகளுக்கு இடையே இரத்தம் பீறிடும். அதுவரை இல்லாத கடுமையான தலைவலி நொடிப்பொழுதில் வரும். வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம், வலிப்பு ஆகியவை தொடரலாம்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. சில சமயம் புடைப்பு கிழிவதற்கு முன்பே, அருகில் செல்லும் கண் இயக்க நரம்பை அழுத்தும். அப்போது ஒரு கண்ணின் இமை தொங்கும். பார்வை இரண்டாகத் தெரியும். உண்மையான நரம்பு கதைக்குள் வருவது இப்போதுதான். அது வெடிக்கவில்லை, எச்சரிக்கிறது. எல்லாவற்றையும் நரம்பு என்று அழைக்கும் வழக்கத்தில், இந்த எச்சரிக்கைக்குத் தனி இடம் இல்லாமல் போகிறது.

நம்மூரில் இருந்த நல்ல சொல்

புதுச்சேரிக்காரர்கள் இந்த விஷயத்தில் மற்றவர்களைவிடச் சற்று வசதியானவர்கள். பிரெஞ்சு மொழியில் இத்தகைய மரணத்தைப் பொதுமக்களே ‘ருப்த்யூர் தனெவ்ரிஸ்ம்’ என்று குறிப்பிடுவார்கள். புடைப்பு கிழிந்தது என்பது அதன் பொருள். அது மருத்துவர் மட்டும் பேசும் மொழியன்று. வீட்டில் பேசும் சொல். பிரெஞ்சு படித்த பழைய புதுச்சேரிக் குடும்பங்களில் இச்சொல்லை அறிந்தவர்கள் இருப்பார்கள். இந்த ஊரில் 1823இலேயே பிரெஞ்சு ஆட்சியினர் மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். அதன் வழிவந்த கல்லூரியே 1964 முதல் ஜிப்மர் என்ற பெயருடன் கோரிமேட்டில் நிற்கிறது. இத்தனை ஆண்டு மருத்துவக் கல்வி நடந்த ஊரின் தேநீர்க் கடைக்கு, சரியான சொல் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

மருத்துவர்களும் தவறான பெயர் வைத்ததுண்டு என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். இதய வால்வில் கிருமி தொற்றி, அங்கிருந்து கிருமித்துணுக்குகள் மூளைத் தமனிக்குச் சென்று உண்டாக்கும் புடைப்புக்கு, 1885இல் வில்லியம் ஆஸ்லர் ‘மைக்காட்டிக்’ என்று பெயரிட்டார். காளானைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பாக்டீரியா. பெயர் தவறென்று தெரிந்தே மருத்துவர்கள் அதை இன்றும் வழங்குகிறார்கள். அதனால் தீங்கு இல்லை. ஏனென்றால், அச்சொல்லைக் கேட்கும் மருத்துவருக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரியும். ‘நரம்பு வெடித்தது’ என்று கேட்கும் தகப்பனாருக்கு அது தெரியாதே! தவறான சொல்லை எடைபோட இதுவே நல்ல தராசு.

சிறுவர்கள் குட்டிப் பெரியவர்கள் அல்லர்

‘இது வயதானவர்களின் நோய்’ என்பது இரண்டாவது தவறான எண்ணம். இதில் பாதி உண்மை உண்டு. மூளைத் தமனிப் புடைப்புகளில் 100க்கு 5க்கும் குறைவானவையே சிறுவர்களிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் காணப்படுகின்றன. அரிது, ஆனால் இல்லாததன்று. 1871இலேயே எப்பிங்கர் என்ற மருத்துவர் 15 வயதுச் சிறுவன் ஒருவனின் உடலில் இதைக் கண்டு எழுதியிருக்கிறார். அச்சிறுவனுக்கு இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியும் பிறவியிலேயே குறுகியிருந்தது.

பெரியவர்களில் பெண்களுக்கு இந்நோய் அதிகம்; சிறுவர்களில் ஆண் பிள்ளைகளுக்கு அதிகம். 25 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள பெரும் புடைப்புகள் பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் கூடுதலான விகிதத்தில் காணப்படுகின்றன. பெரியவர்களிடம் புகைபிடித்தலும் இரத்தக் கொதிப்பும் முக்கியக் காரணங்கள். சிறுவர்களிடமோ தமனிச் சுவரின் பிறவிக் குறைபாடு, சுவரின் அடுக்குகள் பிரிதல், கிருமித் தொற்று, தலையில் அடிபடுதல் ஆகியவை அதிக இடம் பெறுகின்றன. அடிபட்டதால் வரும் புடைப்பு, காயம் ஆறிவிட்டது என்று நினைக்கும் இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகுகூடக் கிழியலாம்.

கிருமித் தொற்று நம் நாட்டுக்கு மிகவும் பொருந்தும். தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. அது இதய வால்வைக் கெடுக்கிறது. கெட்ட வால்வில் கிருமி குடியேறுகிறது. அங்கிருந்து மூளைக்குப் போகிறது. இந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுத்துவிடலாம். ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மருத்துவர் சொல்லும் பென்சிலின் ஊசியைத் தவறாமல் போடுவது அதற்கான வழிகளில் ஒன்று. ‘விதி’ என்று சொன்னவர் இதைச் சிந்திக்கவேண்டும்.

கண் விழித்துப் படித்ததால் இது வருவதில்லை என்பதையும் மாணவர்கள் அறியவேண்டும். ஏற்கெனவே உள்ள புடைப்பு, கடும் உழைப்பு போன்று இரத்த அழுத்தம் திடீரென ஏறும் வேளையில் கிழியலாம். ஆனால் படிப்பு புடைப்பை உண்டாக்குவதில்லை. பிள்ளையை இழந்த தாயிடம் “நீங்கள்தான் படி படி என்று விரட்டினீர்கள்” என்று பேசுவது கொடுமை மட்டுமன்று, அறிவியலுக்கும் புறம்பானது.

சொல் தின்னும் நேரம்

இந்நோயில் நேரம்தான் முதல் மருந்து. ஒருமுறை கிழிந்த புடைப்பில் இரத்தம் உறைந்து தற்காலிகமாக அடைத்துக்கொள்ளலாம். அது மீண்டும் கிழியும் அபாயம் முதல் 24 மணி நேரத்தில் மிக அதிகம். இரண்டாவது கிழிசல் முதலாவதைவிடக் கொடியது.

அந்த 24 மணி நேரத்தில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? தலைவலிக்குச் சுக்கு உரைத்துப் பற்றுப் போடுகிறோம். வாந்திக்குப் பித்தம் என்கிறோம். வலிப்புக்குக் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறோம். பிள்ளை சற்றுத் தெளிந்தால், “தூங்கட்டும், காலையில் பார்க்கலாம்” என்கிறோம். இவையெல்லாம் அன்பினால் செய்பவை. ஆனால் ‘நரம்பு வெடித்தால் போச்சு’ என்று பத்து முறை படித்த மனம், பிழைக்க வைக்கும் வழி ஒன்று உண்டு என்று நினைத்துப் பார்ப்பதே இல்லை. ‘குழாயில் கிழிசல்’ என்று படித்திருந்தால், ‘அடைக்க முடியுமா?’ என்ற கேள்வியாவது எழும்.

அடைக்க முடியும் என்பதே அக்கேள்விக்கு விடை. 1927இல் லிஸ்பனில் ஈகாஸ் மோனிஸ், தமனிக்குள் சாயம் செலுத்தி மூளையின் தமனிகளை எக்ஸ்ரே படத்தில் காட்டினார். 1937இல் அமெரிக்காவில் வால்டர் டான்டி, கண் இயக்க நரம்பு அழுத்தப்பட்ட ஒரு நோயாளியின் மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் வெள்ளிக் கவ்வி ஒன்றைப் பொருத்தினார். கொடியில் உலரும் துணிக்கு மாட்டும் கிளிப்பைப்போல அது புடைப்பை இரத்த ஓட்டத்திலிருந்து பிரித்துவிட்டது. இன்று நுண்ணோக்கியின் உதவியுடன் டைட்டானியக் கவ்விகள் பொருத்தப்படுகின்றன. 1990இல் கைடோ குக்லியெல்மி மற்றொரு வழியை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயை மூளை வரை செலுத்தி, புடைப்புக்குள் பிளாட்டினச் சுருள்களை நிரப்பி, உள்ளே இரத்தத்தை உறையவைத்து அடைப்பது அம்முறை. மண்டையோட்டைத் திறக்கவேண்டியதில்லை.

நம் நாட்டிலும் இத்துறைக்கு வயது குறைவன்று. 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவை மருத்துவத்தைத் தொடங்கினார்கள். இந்தியாவில் இந்தப் புடைப்புகள் எவ்வளவு காணப்படுகின்றன என்பதைப் பற்றி ராமமூர்த்தி 1969இல் எழுதினார். மேலைநாடுகளைவிட இங்கே குறைவு என்ற எண்ணம் அக்காலத்தில் நிலவியது. பின்வந்த மருத்துவர்கள் சிலர் வேறொரு கேள்வி எழுப்பினார்கள்: நோய் குறைவா, அல்லது மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்கள் குறைவா? வழியிலேயே இறந்தவர்களும், வேறு நோய் என்று கருதப்பட்டவர்களும் எந்தக் கணக்கிலும் வருவதில்லையே! காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். அந்தத் தொலைவை மனத்தில் கொண்டு இக்கேள்வியை மறுபடியும் படித்துப் பாருங்கள்.

சாதனைச் செய்தியின் குறை

சாவுச் செய்திக்கு நேர் எதிரான செய்தி ஒன்றும் உண்டு. ‘சிறுவனுக்கு அரிய மூளை அறுவை, மருத்துவர்கள் சாதனை.’ மாலை அணிந்த மருத்துவர்களும், தலையில் கட்டுடன் சிரிக்கும் சிறுவனும் படத்தில் இருப்பார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் இதுவும் கதையைப் பாதியில் விட்டுவிடுகிறது.

அடைத்தபின் வரும் நாட்களும் ஆபத்தானவை. இரத்தக் கசிவுக்குப் பின் 4ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை மூளைத் தமனிகள் சுருங்கி, மூளைக்கு இரத்தம் குறையலாம். மூளைநீர் தேங்கலாம். இவற்றை ஒவ்வொரு மணி நேரமும் கவனிக்கும் செவிலியர்களின் படம் செய்தித்தாளில் வருவதில்லை.

அதைவிட முக்கியமான குறை வேறொன்று. கவ்வியா, சுருளா என்று ஒப்பிட்ட பெரிய சர்வதேச ஆய்வின் முடிவு 2002இல் வெளியாயிற்று. அதில் 2143 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். ஓராண்டு முடிவில் இறந்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ இயலாதவர்களுமாகச் சேர்ந்து, சுருள் பெற்றவர்களில் 100க்கு ஏறத்தாழ 24 பேர். கவ்வி பெற்றவர்களில் ஏறத்தாழ 31 பேர். இதைப் படித்ததும் ‘சுருளே மேல்’ என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். ஆனால் அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் பெரியவர்கள். 60 வயதுக்காரருக்கு அடைப்பு இருபது ஆண்டு நிலைத்தால் போதும். 12 வயதுச் சிறுமிக்கோ அது அறுபது, எழுபது ஆண்டு நிலைக்கவேண்டும். சுருள்கள் காலப்போக்கில் நெருங்கி அமுங்கினால் புடைப்பு மீண்டும் தலைகாட்டலாம். கவ்வி உறுதியானது, ஆனால் மண்டையோட்டைத் திறக்கவேண்டும். கிருமித் தொற்றால் வந்த புடைப்புக்குப் பல வாரங்கள் உயிர்க்கொல்லி மருந்து தேவை. சில சமயம் அதிலேயே புடைப்பு சுருங்கிவிடுவதும் உண்டு. எனவே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே ஆராய்ந்துதான் முடிவெடுக்கவேண்டியிருக்கிறது.

எந்த முறையில் அடைத்தாலும், ஒருமுறை இந்நோய் வந்த பிள்ளையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதிக்கவேண்டும். வேறிடத்தில் புதிய புடைப்பு தோன்றவும் வாய்ப்புண்டு. அடிக்கடி எக்ஸ்ரே கதிர் படுவதைத் தவிர்க்க, இயன்ற இடத்தில் காந்த அதிர்வுப் படத்தைப் பயன்படுத்துவார்கள். ‘சாதனை’ என்று படித்த குடும்பம், எல்லாம் முடிந்தது என்று நினைத்து மறுபரிசோதனைக்கு வராமல் இருந்துவிட்டால், அந்தச் சாதனை வீணாகலாம். மாலையோடு செய்தியை முடிக்காமல் ‘மறுபரிசோதனை தேவை’ என்று ஒரு வரி சேர்த்தால், அச்சகத்துக்கு நட்டம் ஒன்றுமில்லை.

எப்படி எழுதலாம்?

‘தலைவலி என்றாலே ஸ்கேன் எடுங்கள்’ என்று நான் சொல்வதாக நினைக்கவேண்டாம். பள்ளிப் பிள்ளைகளின் தலைவலியில் மிகப் பெரும்பாலானவை கண் பார்வைக் குறை, காய்ச்சல், ஒற்றைத் தலைவலி, பட்டினி ஆகியவற்றால் வருபவை. அச்சமூட்டும் எழுத்து, தவறான எழுத்தைவிட நல்லதன்று. நினைவில் வைக்கவேண்டியவை சிலவே. இதுவரை வராத கடும் வலி நொடியில் தாக்கினால், அல்லது தலைவலியுடன் மயக்கம், வலிப்பு, கழுத்து விறைப்பு, இமை தொங்குதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தால், காலை வரை காத்திருக்கக் கூடாது. 108ஐ அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. மயங்கிய பிள்ளையின் வாயில் தண்ணீரும் ஊற்றக் கூடாது. கழுத்து விறைப்பு மூளைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அதற்கும் போகவேண்டிய இடம் மருத்துவமனைதான்.

சுவரொட்டிக்காரருக்கு என் யோசனை எளியது. ‘மூளை நரம்பு வெடித்து’ என்பதற்குப் பதிலாக ‘மூளை இரத்தக் குழாய் வெடித்து’ என்று அச்சிடட்டும். இடம் சற்றுக் கூடும், அவ்வளவுதான். செய்தியின் கடைசிப் பத்தியில் ‘இதற்கு மருத்துவம் உண்டு, விரைந்து வருவது முக்கியம்’ என்று ஒரு வரி எழுதட்டும். இறந்த பிள்ளைக்கு அதனால் பயனில்லை. அதே செய்தியை அன்று காலை படித்த இன்னொரு வீட்டுக்கு ஒரு நாள் அது பயன்படலாம்.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை அப்படியொரு சுவரொட்டியைக் காணும்போது, பக்கத்தில் நிற்பவரிடம் “அது நரம்பு இல்லை ஐயா, இரத்தக் குழாய்” என்று சொல்லுங்கள். “இரண்டும் ஒன்றுதானே தம்பி” என்பார். அப்போது சைக்கிள் டியூப் கதையைச் சொல்லுங்கள். அவருக்குப் புரியும்.